தாழைக்கு நடுவே 8 வாரங்கள்

கடல்சார் சுற்றுச்சூழல் மேலாண்மை முதுகலைப் படிப்பின் அங்கமான கோடைக்காலப் பயிற்சியை மல்லிப்பட்டினத்தில் நேற்று நிறைவு செய்தேன். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களையொட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோ கடற்புல் தின்னும் அவ்விலங்கின் மேய்ச்சல் நிலத்தை அளப்பதே எங்கள் பணி. பக்கத்துக்கு அரை மீட்டர் உள்ள சதுரச் சட்டத்தை அடிமணலில் வைத்து, அதற்குள் எத்தனை விழுக்காடு புல் மூடியிருக்கிறது என்பதை நீருக்கடியிலேயே பலகையில் பென்சிலால் குறிக்க வேண்டும். கலங்கல் நீரில் முதல் வாரம் நான் குறித்தவற்றில் பாதியை மீண்டும் அளக்க நேர்ந்தது. (படகில் வாந்தி எடுத்த கதை தனி.)

கடற்புல்லை இங்குள்ள மீனவர்கள் தாழை என்பார்கள். “தாழை வேரோட பேந்து மிதந்தா, இழுவைமடி (கடலடியை வாரி இழுத்துச் செல்லும் வலை) போயிருக்குன்னு பாத்துக்க தம்பி” என்று படகோட்டி அண்ணன் சொன்னதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். கடற்பசுவை ஒருமுறைகூடக் காணவில்லை. ஆனால் கடைசி வாரத்தில், அடர்ந்த புல்லுக்கிடையே அது வேரோடு மேய்ந்து சென்ற, வெறும் மணல் தெரியும் வளைந்த தடமொன்றைக் கண்டு, சட்டத்தை வைக்க மறந்து அதன் மேலேயே சற்று நேரம் மிதந்துகொண்டிருந்தேன்.