பத்து நாள் வீடு பூட்டிக் கிடந்தால் ஆர்கிட் என்ன ஆகும்?

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களும், டிசம்பர் பள்ளி விடுமுறையில் தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுற்றக் கிளம்புகிறவர்களும் கேட்பது ஒரே கேள்வி: செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. அது என்ன ஆர்கிட்? தொட்டிக்குள் என்ன போட்டிருக்கிறது? கோலாலம்பூரின் ஈரக்காற்றில் பத்து நாள் காய்ந்து செத்த ஆர்கிட்டைவிட, நல்ல மனசோடு ஊற்றிய தண்ணீரில் அழுகிப்போனதுதான் அதிகம்.

டென்ட்ரோபியம், காட்லியா, ஒன்சிடியம் மூன்றுக்கும் அடித்தண்டு தடித்திருக்கும். தண்ணீரை அங்கேதான் சேர்த்து வைக்கும். நன்கு வளர்ந்த செடியை நிழலில் வைத்துவிட்டுப் போனால் பத்து நாளில் தண்டு கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். இரண்டு மூன்று தடவை நனைத்தால் பழையபடி ஆகிவிடும். ஃபலெனோப்சிஸுக்கு அந்தத் தண்டு கிடையாது. தடித்த இலையும் வேரும்தான் அதன் சேமிப்பு. ஸ்பாக்னம் பாசியில் நட்டிருந்தால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும், மரப்பட்டையில் இருந்தால் நாலைந்து நாள். கவலைப்பட வேண்டியது கூடையில் வேர் தொங்கும் வாண்டாவுக்கும் மொக்காராவுக்கும்தான். அவற்றுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும்.

கிளம்பும் நாள் காலையில் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் 15 நிமிடம் முக்கி வையுங்கள். நோயுள்ள செடி எதுவும் இருந்தால் ஒரே வாளியில் எல்லாவற்றையும் முக்கக் கூடாது. வேரின் மேல் இருக்கும் பஞ்சு போன்ற உறை காய்ந்தால் வெள்ளியாகவும், நனைந்தால் பச்சையாகவும் தெரியும். முழு வேரும் பச்சையானால் போதும். பிறகு ஃபலெனோப்சிஸைச் சாய்த்துப் பிடித்து, நடுக்குருத்தில் தேங்கியிருக்கும் தண்ணீரைத் துணி நுனியால் ஒற்றி எடுங்கள். அந்த ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும், ஆளில்லாத வீட்டில் குருத்து அழுக. கடைசி வாரம் உரம் வேண்டாம். முதிர்ந்த பூங்கொத்தை வெட்டி ஜாடியில் வைத்துவிடுங்கள். நீங்கள் பார்க்காத பூவுக்குச் செடி ஏன் தண்ணீர் செலவழிக்க வேண்டும்? இலையின் அடிப்புறத்தில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்து நாளில் அது பக்கத்துத் தொட்டிக்கும் போய்விடும்.

மேற்கு பார்த்த கொண்டோ பால்கனியானால் செடிகளைக் கைப்பிடிச் சுவர் ஓரத்திலிருந்து உள்பக்கம் நகர்த்தி நெருக்கி வையுங்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைவு, வெயில் கடுமை. அப்போது ஒரு நிழல்வலை கட்டினாலே தண்ணீர்த் தேவை வெகுவாகக் குறையும். அக்டோபர், நவம்பரில் பிரச்சினை நேர் எதிர்: சாயங்கால மழை சாரலடிக்கும் இடத்தில் ஃபலெனோப்சிஸ் இருக்கவே கூடாது.

பாட்டிலைக் கவிழ்த்துச் செருகுவது ஆர்கிட்டுக்கு உதவாது. மண்ணாக இருந்தால் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். ஆர்கிட் தொட்டியில் போடும் கரித்துண்டும் உடைத்த செங்கல்லும் நிறுத்தாது, சில நிமிடத்தில் அத்தனையும் கீழே போய்விடும். சொட்டுக்குழாய்க்கும் இதே கோளாறு. மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டி 5 நிமிடத்தில் 160 மில்லிக்கு மேல் விடும், அளவு சரிதான். ஆனால் கரித்துண்டில் அது ஒரே கோடாக இறங்கும், மற்ற வேரெல்லாம் காய்ந்தே கிடக்கும். பருத்தித் திரி வழியாகத் தண்ணீர் பாசிக்கும் பொடியான தேங்காய் மட்டைக்கும் மட்டும் ஏறும். திரி போடுவதானால் மூடியுள்ள ஐஸ்கிரீம் டப்பாவில் துளையிட்டுப் போடுங்கள். திறந்த தட்டில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனால் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். திரும்பி வரும்போது சுகாதார இலாகாவின் அபராதம் காத்திருக்கலாம்.

வாண்டாவுக்குச் சரியான வழி, குழாயில் மாட்டும் டைமரும் தெளிப்பு நாசிலும். காலை 7 மணிக்கு மூன்று நிமிடம், 11 மணிக்கு இன்னொரு தடவை. மாலை நான்குக்கு மேல் வேண்டவே வேண்டாம், ராத்திரி முழுக்க இலை நனைந்திருந்தால் கரும்புள்ளி வரும். டைமர் வாங்கும்போது பலர் தவறுவது ஒன்று உண்டு. மின்காந்த வால்வு (solenoid valve) ரகம் ஒழுங்காக வேலை செய்யத் தண்ணீர் அழுத்தம் வேண்டும், அரை பார் (bar, அழுத்தத்தின் அலகு) அளவாவது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. தரைவீட்டில் கூரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி குழாயைவிட மூன்று மீட்டர்தான் உயரம் என்றால் 0.3 பார்தான் கிடைக்கும். அந்தக் குழாய்க்கு பந்து வால்வு (ball valve) ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆனாலும் அந்தக் குறைந்த அழுத்தத்தில் மெல்லிய நாசில் பனியாகத் தெளிக்காது, ஒழுகும். தெருக்குழாயிலிருந்து நேராக வரும் வாசல் குழாயில் மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. புது பேட்டரி போட்டு, மூட்டுகளுக்குக் கிளிப் இறுக்கி, கிளம்ப நான்கு நாள் முன்பே ஓடவிட்டுப் பாருங்கள். குழாய் கழன்றால் கீழ்வீட்டுக் கூரையில்தான் தெரியும்.

டைமர் இல்லையென்றால் வாண்டா வேரைச் சுற்றி, பிழிந்த ஸ்பாக்னம் பாசியைத் தளர்வாகக் கட்டித் தொங்கவிடலாம். ஒரு வாரத்துக்கு அது போதும். வந்ததும் பிரித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் பை மட்டும் சுற்றாதீர்கள், நம்மூர் வெப்பத்தில் அது ஆவியில் வேகவைப்பதுதான்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதாக இருந்தால், "தினம் கொஞ்சம் ஊத்துங்கக்கா" என்று சொல்லாதீர்கள். வாண்டா கூடைகளில் மட்டும் சிவப்பு நூல் கட்டி, "சிவப்பு நூல் கட்டினதுக்குத் தினம் காலையில, மத்ததுக்குப் புதன்கிழமை மட்டும்" என்று சொல்லிக் கொடுத்தால் குழப்பம் இருக்காது.

திரும்பி வந்ததும் சுருங்கிய செடியைப் பார்த்து உரம் ஊற்றிவிடாதீர்கள், காய்ந்த வேர் கருகும். வெறும் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி, நிழலில் மாட்டி, மறுநாளும் அதையே செய்யுங்கள். வேர் நுனி பச்சையாக நீளத் தொடங்கிய பிறகுதான் உரம், அதுவும் பாக்கெட்டில் போட்டிருப்பதில் பாதி அளவு. அடி இலை மஞ்சளாகி இருந்தால் பிய்க்க வேண்டாம், தானாக உதிரும்.