பேச்சுவார்த்தை நடந்த அறையைத் தேடி வட அயர்லாந்தில் நான்கு நாட்கள்

ஏறும்போது 45 பவுண்டு என்று சொன்ன டாக்சி ஓட்டுநர், இறங்கும்போது 60 பவுண்டு கேட்டார். ஒருவர் ஏறினாலும் ஐவர் ஏறினாலும் வண்டிக்கு ஒரே கட்டணம் என்பதும், ஒரு பவுண்டு நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது என்பதும் தனியாகப் போகிறவனின் வயிற்றில் அடிக்கும் இரண்டு விஷயங்கள். அந்தப் பணத்துக்கு அவர் காட்டியதெல்லாம் முகமூடியும் துப்பாக்கியுமாக நிற்கும் ஆயுததாரிகளின் சுவரோவியங்களே. வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு இணைவதா என்று ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த தரப்புகள் ரகசியமாக உட்கார்ந்து பேசிய இடங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்றபோது, அங்கே படம் எடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டார்.

செலவுக் கணக்கை நாள்வாரியாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். க்ளோனார்ட் மடத்தைப் பார்த்த பிறகு அந்த ஒழுங்கு கைவிட்டுப் போயிற்று. மேற்கு பெல்ஃபாஸ்டில் ஃபால்ஸ் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் கத்தோலிக்க மடம் அது. அங்கே வாழ்ந்த பாதிரியார் அலெக் ரீட்தான், வன்முறையைக் கண்டித்துவந்த எஸ்.டி.எல்.பி. கட்சியின் தலைவர் ஜான் ஹியூமையும், அயர்லாந்தோடு இணைய ஆயுதமேந்திப் போராடிய ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான சின் ஃபைன் கட்சியின் தலைவர் ஜெரி ஆடம்ஸையும் 1988 ஜனவரியில் சந்திக்க வைத்தவர். இருவரும் ஒரே கத்தோலிக்க வாக்குகளுக்காக மோதியவர்கள். கட்சிகளுக்கிடையிலான பேச்சு அந்த ஆண்டே நின்றுபோனாலும் இவ்விருவரும் வெளியே தெரியாமல் தொடர்ந்து பேசினார்கள். 1993 ஏப்ரலில் டெர்ரியில் ஹியூமின் வீட்டுக்குள் ஆடம்ஸ் நுழைந்ததை யாரோ பார்த்துவிட, விஷயம் வெடித்தது.

அதற்கு முன்பே நடந்த ஒன்றுதான் என்னை அந்த மடத்துக் கோவிலின் கடைசி வரிசையில் அரைமணி நேரம் உட்கார வைத்தது. 1988 மார்ச் 19 அன்று, ஓர் இறுதி ஊர்வலத்துக்குள் காரோடு வந்து சிக்கிய இரண்டு பிரிட்டிஷ் படைவீரர்களை ஐ.ஆர்.ஏ.வினர் இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றார்கள். காப்பாற்ற முயன்று முடியாமல் போன ரீட், தரையில் கிடந்தவரின் அருகே மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்த புகைப்படத்தை உலகம் பார்த்தது. ஹியூமிடம் சேர்க்க வேண்டிய சின் ஃபைன் ஆவணம் அந்த நேரத்தில் அவரிடம்தான் இருந்தது என்பது படத்தில் தெரியாது. உறையில் ரத்தக்கறை படிந்திருந்ததால், வேறு உறைக்கு மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மடத்தின் பின்புறம் பாம்பே தெரு. 1969 ஆகஸ்டில் எரிக்கப்பட்டுப் பிறகு கட்டப்பட்ட அந்த வீடுகளின் கொல்லைப்புறங்களை, கத்தோலிக்கப் பகுதியையும் புராட்டஸ்டன்ட் பகுதியையும் பிரிக்கும் சுவருக்கு அப்பாலிருந்து வரும் கற்களுக்கு அஞ்சி, கூண்டு போல இரும்பு வலையால் மூடியிருக்கிறார்கள். ஒரு வலைக்குள் குழந்தையின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அப்பால் இருக்கும் புராட்டஸ்டன்ட் பகுதிக்குப் போகலாம் என்று நடந்தால், சுவரிலிருந்த வாயிலை மாலையிலேயே பூட்டிவிட்டிருந்தார்கள். 1998 ஏப்ரல் 10 அன்று அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகி இத்தனை ஆண்டுகளாகியும் கதவுக்கு நேரம் குறித்துப் பூட்டுப் போடுகிறார்களே என்ற வியப்போடு, சுற்றிப்போக இன்னொரு டாக்சிக்கு 9 பவுண்டு அழுதேன்.

மறுநாள் டெர்ரிக்கு இரண்டு மணி நேரப் பேருந்து. வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. விரல்களைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்தேன். வழியில், அதே ஊரைப் பிரிட்டன் ஆதரவாளர்கள் அழைக்கும் பெயரான 'லண்டன்டெர்ரி' என்ற பலகைகளில் 'லண்டன்' மட்டும் சாயம் பூசி அழிக்கப்பட்டிருந்தது. ஊரின் பெயரிலேயே உடன்பாடில்லாத மக்களிடையே பேச்சு நடந்ததே பெரிய காரியம் என்பது என் கருத்து.

அந்தக் குளிரின் கோபமெல்லாம் டெர்ரியில் சாப்பிட்ட மீன் வறுவலில் கரைந்தது. 10 பவுண்டுக்கு என் முழங்கை நீளத்தில் ஒரு மீன், மொறுமொறுவென்ற மேல்மாவு, உள்ளே ஆவி பறக்கும் வெள்ளைச் சதை, தடித்த உருளைக்கிழங்குத் துண்டுகளின் மேல் தாராளமாக வினிகர்! இந்த ஊரில் இதைச் சாப்பிட எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. பிரிட்டிஷ் உளவுத்துறையின் மைக்கேல் ஓட்லிக்கும் ஐ.ஆர்.ஏ.வுக்கும் இடையே இருபது ஆண்டுகள் ரகசியத் தூதராக இருந்த பிரெண்டன் டடி, இதே ஊரில் மீன் வறுவல் கடை நடத்தியவர். அவர் கடைக்கு 1960களில் பர்கர் இறைச்சி கொண்டுவந்து இறக்கிய பையன், பின்னாளில் ஐ.ஆர்.ஏ. தளபதியான மார்ட்டின் மெக்கின்னஸ். 1975இல் பிரிட்டிஷ் அதிகாரிகளும் ஐ.ஆர்.ஏ. தலைவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்தது டடியின் வீட்டு வரவேற்பறையில்தான். 1993 நவம்பர் தொடக்கத்தில், ஆடம்ஸோடு உட்கார்ந்து பேசுவது தனக்குக் குமட்டும் என்ற பொருளில் பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் முழங்கினார். அவருடைய அரசே இந்த வழியாக ஐ.ஆர்.ஏ.வோடு செய்தி பரிமாறிக்கொண்டிருந்ததை அந்த மாத இறுதியில் ஒரு பத்திரிகை அம்பலப்படுத்தியது. நாடாளுமன்றத்தில் அப்படிப் பேசியதற்காக அவரைப் பொய்யர் என்பேன்; கதவைச் சாத்தாமல் வைத்திருந்ததற்காக மன்னித்தும் விடுவேன்.

டடியின் கடை எங்கே இருந்தது என்று கல்லாவில் நின்ற பெரியவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் மீன் கடைகளுக்கா பஞ்சம் என்று சொல்லி, உப்பு போதுமா என்று கேட்டார்.