வீல்சேரில் ஒரு சின்னக் காட்டுப் பாதையைச் சுற்றி வந்த அனுபவம்

ஒரு கிலோமீட்டர்கூட வராத பாதைதான். நடப்பவர்கள் பேசிக்கொண்டே சுற்றி வந்துவிடுவார்கள். கையால் தள்ளும் வீல்சேரில் அதைச் சுற்றி வர நான் என்னென்ன கேட்க வேண்டியிருந்தது, எங்கே திணறினேன் என்பதையெல்லாம் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் போவதற்கு முன் தேடியபோது எனக்குக் கிடைத்தது பலகையில் வரைந்திருந்த நீல நிற வீல்சேர் படம் மட்டும்தான். அதை வைத்து எதை முடிவு செய்வது?

முதலில் அந்தப் பாதையைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு போன் செய்தேன். "சமதளம்தான், தாராளமா வாங்க" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் நடந்து போகிறவர்களின் காலுக்கு ஏற்றமே தெரியாத இடத்தில் என் தோள் இரண்டும் கழன்றுவிடும். அதனால் கேள்வியை மாற்றினேன்: பாதையிலேயே செங்குத்தான இடம் எது, அது எத்தனை மீட்டர் நீளம், மிகவும் குறுகலான இடம் எத்தனை சென்டிமீட்டர், தரை மண்ணா ஜல்லியா பலகையா, நடுவில் கேட் ஏதாவது உண்டா? இப்படிக் கேட்டதும் அங்கே ஒருவர் டேப்பும் போனில் சரிவு பார்க்கும் செயலியுமாக ஒரு சுற்று நடந்து, படங்களோடு அளவுகளை அனுப்பினார். வீல்சேர்க்காரர்கள் யார் கேட்டாலும் இனி இதையே அனுப்பலாமே என்று அவரே சொன்னார். அந்த ஒரு வேலைக்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கட்டடங்களில் சாய்தளத்துக்கு 1:12 என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், 12 மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் ஏறலாம் என்று. அது கெட்டியான தரைக்கு, அதுவும் இடையில் நின்று இளைப்பாற இடம் விட்டு. காட்டு மண்ணில் 1:20 சரிவையே நான் நின்று நின்றுதான் ஏறுவேன். பாதையின் அகலம் 90 சென்டிமீட்டர் இருந்தால் போய்விடலாம், ஆனால் எதிரே ஆள் வந்தால் ஒதுங்கவும் திரும்பவும் ஆங்காங்கே ஒன்றரை மீட்டர் அகலம் வேண்டும்.

யாருமே அளந்து சொல்லாத ஒன்று பக்கச் சரிவு. மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்று பாதையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போடுவார்கள், அது தேவைதான். 2 சதவீதம் என்றால் நான் கவனிக்கக்கூட மாட்டேன். 5 சதவீதத்தைத் தாண்டினால் நாற்காலி பள்ளத்தின் பக்கமே திரும்பப் பார்க்கும், ஒரு கையால் விடாமல் தள்ள வேண்டும், மறு கையால் பிடித்து நிறுத்திக்கொண்டே வர வேண்டும், ஏற்றமே இல்லாத இடத்தில் இப்படிக் கொஞ்ச தூரம் போனாலே ஒரு தோள் மட்டும் வலிக்க ஆரம்பித்துவிடும். அந்தப் பாதையில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது ஏற்றம் இல்லை, இந்தப் பக்கச் சரிவுதான்.

தரையைப் பற்றி ஒன்று. உருண்டைக் கூழாங்கல் பார்க்க அழகாக இருக்கும், வீல்சேருக்கு அது ஆகாது. முன்னாலிருக்கும் சின்னச் சக்கரங்கள் அதில் புதைந்து சட்டென்று நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் தூக்கி எறியப்படுவார். கூரான முனைகள் உள்ள உடைத்த ஜல்லியைக் கல்தூளோடு கலந்து, நனைத்து, இறுக்கிப் போட்டால் கிட்டத்தட்ட ரோடு மாதிரி உருளும். இங்கே பெரும்பகுதி அப்படித்தான் போட்டிருந்தார்கள், நல்ல வேலை. மீதிக்கு, கால்தாங்கியில் மாட்டும் பெரிய ஒற்றைச் சக்கரத்தை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் போயிருந்தேன். அது முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிடும், வேரையும் சின்னக் கல்லையும் தாண்ட அது இல்லாமல் முடிந்திருக்காது.

பைக் உள்ளே வரக் கூடாது என்று குறுக்கும் நெடுக்குமாக வைத்த தடுப்பில் வீல்சேரும் திரும்பாது. முன்பே கேட்டிருந்ததால் பக்கத்துக் கேட்டைத் திறந்துவைத்திருந்தார்கள். கேட்காமல் போயிருந்தால் வாசலோடு திரும்பியிருப்பேன்.

அப்புறம் ஓடைமேல் பலகைப் பாதை. பலகைகளைப் போகும் திசைக்குக் குறுக்காக அடித்திருந்தார்கள், அதுதான் சரி. நீளவாக்கில் அடித்தால் இடைவெளிக்குள் முன்சக்கரம் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். இடைவெளி ஒரு சென்டிமீட்டர் அளவில் இருந்தால் பயமில்லை. ஆனால் பலகை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் மண் அரித்துப்போய் ஒரு படி உயரத்துக்கு வெட்டு விழுந்திருந்தது. கூட வந்த தோழி "பின்னால பிடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைத்தாள். உதவுகிறவர்களுக்குச் சொல்கிறேன், கேட்காமல் தொடாதீர்கள். நான் பின்பக்கம் சாய்ந்து எடையைச் சமன் செய்துகொண்டிருக்கும்போது யாராவது தள்ளினால் கவிழ்வது நான்தான்.

ஓடையைப் பார்க்கக் கட்டிய மேடையில் எனக்குத் தெரிந்தது கைப்பிடிக் கட்டை மட்டுமே. உட்கார்ந்தால் என் கண் ஏறக்குறைய 115 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், கட்டையும் சரியாக அங்கேதான். இதற்காகவா இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தோம் என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பெஞ்சுகளும் அப்படித்தான், பக்கத்தில் ஒரு நாற்காலி நிற்கச் சமமான இடம் விடவில்லை, தோழி பெஞ்சில், நான் பாதை நடுவில்.

இறக்கத்தில் உள்ளங்கைதான் பிரேக், அதனால் தோல் கையுறை இல்லாமல் போகாதீர்கள், சக்கரத்தோடு இருக்கும், கையால் பிடித்துத் தள்ளுகிற வளையம் சூடேறித் தோல் உரிந்துவிடும். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் வழியில் அடிக்கடி உடம்பைத் தூக்கி அழுத்தத்தை மாற்ற மறக்கக் கூடாது, குலுங்குகிற பாதையில் புண் வரும் ஆபத்து அதிகம்.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் இடம் குறித்து, படத்தோடு அலுவலகத்துக்கு எழுதினேன். பலகை முனையில் ஜல்லி நிரப்பிவிட்டதாகப் பதில் வந்தது. நுழைவாயில் பலகையில் நீளம், அதிகபட்சச் சரிவு, பக்கச் சரிவு, குறைந்தபட்ச அகலம், தரையின் வகை எல்லாவற்றையும் எழுதுவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மேடைக் கைப்பிடியின் ஒரு பகுதியைக் கம்பிவலையாக மாற்றினாலே போதும் என்று கேட்டிருக்கிறேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை, அடுத்த வாரம் மறுபடியும் எழுதுவேன்.