வாசலில் ஒரு மேசை

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, ஈஸ்டர் காலையில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கு முதுகுப்பையுடன் வந்த ஒருவனைச் சந்தேகித்து, உள்ளே விடாமல் மறித்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். குண்டு வெளியே முற்றத்தில் வெடித்தது. அவரும், ஞாயிறு பாடசாலை முடிந்து அங்கே நின்ற பிள்ளைகள் பலரும் மாண்டார்கள். மண்டபத்துக்குள் நிறைந்திருந்த கூட்டத்தில் பெரும்பாலானோர் உயிர்தப்பினார்கள். அதே காலையில் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் குண்டுகள் ஆலயங்களுக்கு உள்ளேயே வெடித்தன.

வெடியின் அழுத்தம் தூரம் கூடக்கூட வேகமாகக் குறைந்துவிடும். மூடிய மண்டபத்திலோ அது சுவர்களில் பட்டுத் திரும்பி மேலும் கொல்லும். ஆகவேதான் வருவோரின் பைகளைப் பார்க்கும் சோதனை மேசையைக் கட்டடத்தின் கதவடியில் போடாமல் வெளிமதிலின் வாயிலில் போட வேண்டும் என்றும், வரிசை நீண்டால் அதுவே இலக்காகிவிடும் என்பதால் இரண்டு மேசைகள் வேண்டும் என்றும் எங்கள் சபையில் வாதாடினேன்.

இப்போது ஞாயிறுகளில் நானும் அங்கே நிற்கிறேன். ஓர் ஆச்சி வாரந்தோறும் தானாகவே பையைத் திறந்து, வேதாகமம், தைலப் போத்தல், மூக்குக்கண்ணாடிக் கூடு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, “வடிவாப் பாருங்க மகன்” என்பார். முகம் தெரிந்தவரையும் சோதிப்பது அவமதிப்பு அல்ல என்பதை எங்கள் சபைக்குப் புரியவைத்தவர் அவர்தான். சோதனைக் கருவியை விட, புதியவரிடம் கனிவாகப் பெயரும் ஊரும் விசாரிக்கும் ஓர் ஆளையே நான் பெரிதாக நம்புகிறேன்.

ஆபத்து வந்தால் உள்ளே இருப்பவர்கள் விரைவாக வெளியேற வேண்டுமே என்று, பக்கக் கதவின் பூட்டைப் போன மாதம் அகற்றிவிட்டு, உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் தாழ்ப்பாளைப் பொருத்தினோம்.