சமூக ஒப்பந்தக் கேள்வியை ஆவணங்களிலிருந்து படிப்பது

அரசியல் கோட்பாட்டுத் தாளில் ஏதாவது ஒரு வடிவத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: சமூக ஒப்பந்தக் கோட்பாடும் இயற்கை உரிமைகளும் அரசமைப்பு ஆட்சியை எவ்வாறு வடிவமைத்தன? அரசு என்பது மக்கள் தங்கள் சம்மதத்தால் உண்டாக்கிக்கொண்டது என்பது சமூக ஒப்பந்தக் கோட்பாடு; எந்த அரசும் தராமலே மனிதருக்கு இருப்பவை இயற்கை உரிமைகள். கேள்வியைப் பார்த்ததும் கை தானாக, ஒப்பந்தச் சிந்தனையாளர்களான ஹாப்ஸ், லாக், ரூசோ என்று மூன்று துணைத்தலைப்பு போட்டுவிடும். மூவரின் இயற்கை நிலை (அரசு இல்லாத நிலை), மூவரின் ஒப்பந்தம், மூவரின் இறையாண்மை (உச்ச அதிகாரம்) என்று முக்கால்வாசி விடை அதிலேயே தீர்ந்துபோகும். கடைசியில் "இக்கருத்துகள் அமெரிக்க, பிரெஞ்சுப் புரட்சிகளுக்கு வித்திட்டன" என்று ஒரு வரி. கேள்வி கேட்டதே அந்த ஒரு வரியைத்தான்.

அதனால் படிக்கும் வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டேன். முதலில் ஆவணங்கள், பிறகுதான் சிந்தனையாளர்கள். இங்கிலாந்தின் 1689 உரிமைச் சட்டம், 1776 அமெரிக்க விடுதலை அறிக்கை, 1780 மாசசூசெட்ஸ் அரசமைப்பு, 1789 பிரெஞ்சு உரிமை அறிக்கை, 1791இல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள். இவற்றில் மாசசூசெட்ஸ் ஒன்றுதான் நீளம். அதிலும் முகவுரையும் உரிமைப் பகுதியும் போதும். பிரெஞ்சு அறிக்கையில் மொத்தமே 17 பிரிவுகள். படிக்கும்போது ஒவ்வொரு பிரிவின் ஓரத்திலும் பென்சிலால் ஒரே கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டே போனேன்: இந்த வரி எந்தக் கருத்தை நம்பி நிற்கிறது? அது முடிந்தபின் கைடில் இருந்த ஒப்பீட்டு அட்டவணையை நான் திறக்கவே இல்லை.

1689இல் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஜேம்ஸை அரியணையிலிருந்து இறக்கிய 1688 புரட்சிக்கு லாக்கின் 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' நூல் காரணமானது என்று பல நோட்ஸில் இருக்கிறது. அந்த நூல் அச்சில் வந்ததே புரட்சிக்குப் பிறகு, 1689 கடைசியில். பெரும்பகுதி பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது. ஜேம்ஸ் அரியணை ஏறக் கூடாது என்று நடந்த போராட்டக் காலத்துச் சரக்கு அது. உரிமைச் சட்டத்தைத் திறந்து பார்த்தால் இயற்கை உரிமை என்ற பேச்சே இல்லை. நாட்டு மக்களின் பழமையான உரிமைகளையும் சுதந்திரங்களையும் மீட்டு நிறுவுவதாகத்தான் அது சொல்கிறது. ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1689 ஜனவரி 28 அன்று, மக்களவை போட்ட தீர்மானத்தில் ஒப்பந்தம் வெளிப்படையாகவே வருகிறது. அரசனுக்கும் மக்களுக்கும் இடையிலான மூல ஒப்பந்தத்தை மீறி ஜேம்ஸ் அரசமைப்பைக் கவிழ்க்க முயன்றார் என்பது அதன் குற்றச்சாட்டு.

இங்கேதான் சாதாரண விடைக்கும் நல்ல விடைக்கும் வித்தியாசம் தெரியும். தீர்மானம் சொல்வது அரசனும் மக்களும் செய்துகொண்ட ஒப்பந்தம். லாக் சொல்லும் ஒப்பந்தமோ மக்கள் தங்களுக்குள் செய்துகொள்வது; ஆட்சியாளர் அதில் ஒரு தரப்பே இல்லை. அவரிடம் இருப்பது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு மட்டும். ஒப்பந்தத்தில் தரப்பாக இருப்பவருக்கு மறு தரப்பிடம் கேட்க ஏதாவது இருக்கும். பொறுப்பாளருக்குக் கடமைதான் உண்டு. கோயில் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் தர்மகர்த்தா மாதிரி. கணக்குச் சரியில்லை என்றால் மாற்றலாம், சொத்து ஒருநாளும் அவருடையது ஆகாது. வரையறுக்கப்பட்ட ஆட்சி என்று பின்னால் பேசப்பட்டதெல்லாம் இந்த ஏற்பாட்டின் விரிவுதான் என்பது என் கருத்து.

ஹாப்ஸை எவ்வளவு எழுதுவது? குறைவாக. 1651இல், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரின் சூடு ஆறாத நேரத்தில் 'லெவியதன்' நூலை வெளியிட்டவர், வரம்பில்லாத இறையாண்மை கேட்டவர் என்பது எல்லோருக்கும் தெரியும். விடைக்கு உதவுவது இரண்டு விஷயம். அரசு கடவுள் தந்ததோ பரம்பரையாக வந்ததோ அல்ல, சமமான தனிமனிதர்கள் கூடிச் செய்த பொருள் என்ற சட்டகத்தைப் பலமாகப் போட்டவர் அவர். உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையை யாராலும் விட்டுக்கொடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். மன்னிப்புக்கு உறுதி இல்லாமல் தன்மீதே குற்றம் சாட்டிக்கொள்வதாகச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது அவருடைய வாதம். எல்லாவற்றையும் கொடுத்துவிடச் சொன்னவரிடமே கொடுக்க முடியாத ஒன்று மிச்சமிருந்தது.

1776 அறிக்கையின் இரண்டாவது பத்தியை மட்டும் மனப்பாடம் செய்பவர்கள் அதிகம். எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், பறிக்க முடியாத உரிமைகள் உண்டு, அவற்றைக் காக்கவே அரசுகள், ஆளப்படுவோரின் சம்மதமே அதிகாரத்தின் ஊற்று, கெட்டுப்போன அரசை மாற்றலாம் அல்லது நீக்கலாம். லாக்கின் வாதம் அதே வரிசையில் இருக்கிறது. நெடுந்தொடராக வரும் அத்துமீறல்கள் என்ற சொற்றொடர்கூட லாக்கிடம் உள்ளதுதான். ஆனால் மதிப்பெண் பெரும்பாலும் அடுத்து வரும் நீண்ட பட்டியலில் இருக்கிறது. அரசன்மீது இருபதுக்கும் மேற்பட்ட புகார்கள்: சட்டமன்றங்களைக் கலைத்தான், நீதிபதிகளைத் தன் தயவில் வைத்தான், சம்மதமில்லாமல் வரி போட்டான். சலிப்பாக இருக்கும், தாண்டிவிடத் தோன்றும். தாண்டாதீர்கள். பொறுப்பை மீறினால்தான் ஆட்சி கலையும் என்பது கோட்பாடு என்றால், மீறியதற்கான அத்தாட்சி இந்தப் பட்டியல். மேல் பத்தி சட்டம், கீழ்ப் பட்டியல் சாட்சியம்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு மாசசூசெட்ஸ். பலரும் தொடுவதில்லை, அதனாலேயே திருத்துபவர் நிமிர்ந்து உட்கார வாய்ப்புண்டு. 1778இல் சட்டமன்றமே ஓர் அரசமைப்பை எழுதி மக்கள் முன் வைத்தது. ஊர்க்கூட்டங்கள் அதை நிராகரித்துவிட்டன. அதன்பின் அரசமைப்பு எழுதுவதற்கென்றே தனி மாநாடு தேர்ந்தெடுக்கப்பட்டது. வரைவில் பெரும்பங்கு ஜான் ஆடம்ஸுடையது. அது மறுபடி ஊர் ஊராக வாக்குக்குப் போய் 1780இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முகவுரை, அரசியல் சமூகம் என்பது ஒரு சமூக ஒப்பந்தம், மொத்த மக்களும் ஒவ்வொரு குடிமகனோடும் ஒவ்வொரு குடிமகனும் மொத்த மக்களோடும் செய்துகொள்வது என்று நேரடியாகவே சொல்கிறது. தத்துவ நூலில் கற்பனையாக இருந்த ஒப்பந்தம் இங்கே வாக்கெடுப்பாக நடந்திருக்கிறது. சாதாரணச் சட்டம் இயற்றும் சபை வேறு, அரசமைப்பை உண்டாக்கும் மக்கள் அதிகாரம் வேறு என்ற பிரிவினையும் நடைமுறையில் தெளிவானது.

அதே ஆவணத்தின் முதல் பிரிவு, எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்கிறது. 1781 முதல் 1783 வரை அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த எலிசபெத் ஃப்ரீமன், குவாக் வாக்கர் ஆகியோரின் வழக்குகள் நீதிமன்றம் வந்தபோது இந்த வரி வேலை செய்தது. அடிமைமுறை இந்த அரசமைப்போடு ஒத்துப்போகாது என்று தலைமை நீதிபதி நடுவர் குழுவிடம் (ஜூரி) கூறினார். இதற்குப் பக்கத்திலேயே 1787இன் கூட்டரசு அரசமைப்பை வையுங்கள்: அடிமைகளைப் பிரதிநிதித்துவக் கணக்கில் ஐந்தில் மூன்றாக எண்ணிய ஆவணம் அது. ஒரே கருத்து ஓரிடத்தில் விலங்கை உடைத்தது, இன்னோரிடத்தில் பேரத்துக்குப் போனது. இப்படி எழுதினால் "விமர்சனம்" என்று தனித் தலைப்பு போட வேண்டியதில்லை. 1791இல் பெண்ணுரிமை அறிக்கை எழுதிய ஒலிம்ப் டி கூஜையும் இப்படி பிரெஞ்சு அறிக்கையோடு சேர்த்துவிடலாம்.

பிரெஞ்சு அறிக்கையில் மூன்று பிரிவுகள் கைவசம் இருந்தால் போதும்: 2, 6, 16. இரண்டாவது, எந்த அரசியல் அமைப்புக்கும் நோக்கம் இயற்கை உரிமைகளைக் காப்பதே என்கிறது. ஆறாவது, சட்டம் பொது விருப்பத்தின் வெளிப்பாடு என்கிறது. இரண்டாவது பிரிவில் லாக்கின் வாடை, ஆறாவதில் ரூசோவின் வாடை; பொது விருப்பம் என்பது எல்லோருக்கும் பொதுவான நன்மையை நாடும் மக்கள் விருப்பத்துக்கு அவர் தந்த பெயர். இரண்டும் மோதினால் எது வெல்லும் என்று அறிக்கை தீர்த்துச் சொல்லவில்லை. இன்னொரு நுட்பம்: மக்கள் நேரிலோ பிரதிநிதிகள் மூலமோ சட்டமாக்கலில் பங்கேற்கலாம் என்று அதே ஆறாவது பிரிவு தொடர்கிறது. ரூசோ 1762இல் எழுதியதோ, இறையாண்மையைப் பிரதிநிதியிடம் கொடுக்கவே முடியாது, ஆங்கிலேயர் தேர்தல் நடக்கும்போது மட்டும்தான் சுதந்திரமானவர்கள் என்று. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே அவர் மறுத்ததைச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்.

பதினாறாவது பிரிவு, உரிமைகளுக்கு உறுதியும் அதிகாரப் பிரிவினையும் இல்லாத சமூகத்துக்கு அரசமைப்பே இல்லை என்கிறது. இந்த இடத்தில், அதிகாரப் பிரிவினைக்குப் பெயர்போன பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூவை ஒப்பந்தவாதிகள் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். 1748இல் வந்த அவருடைய வாதம் ஒப்பந்தத்தின்மேல் கட்டப்பட்டதல்ல. அதிகாரத்தை அதிகாரத்தால் தடுக்கும் ஏற்பாடு பற்றியது. லாக் சொன்ன பிரிவுகளில் நீதித்துறை தனியாக இல்லை என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேருங்கள். உரிமைகளைக் காப்பது என்ற நோக்கம் ஒரு ஓடையிலிருந்தும், அதிகாரத்தைப் பிரிப்பது என்ற கருவி இன்னொரு ஓடையிலிருந்தும் வந்து சேர்ந்தன.

ஒப்பந்தக் கோட்பாட்டை மறுத்த ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூமுக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு நாட்டில் வாழ்வதே சம்மதம் என்றால், தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவனும் கப்பல் தலைவனுக்குச் சம்மதித்தவன்தானா என்று அவர் கேட்டதைச் சொன்னால் மறைமுகச் சம்மதத்தின் ஓட்டை தெரிந்துவிடும்.

விடையை "இவ்வாறாக" என்று தொடங்கி முடிக்கத் தேவையில்லை. நான் வழக்கமாக ஜெர்மனியின் 1949 அடிப்படைச் சட்டத்துக்குப் போவேன். அடிப்படை உரிமைகள் சட்டமன்றத்தையும் கட்டுப்படுத்தும் என்று முதல் பிரிவிலேயே அது சொல்கிறது. அந்தப் பிரிவின் கோட்பாடுகளைத் திருத்தத்தாலும் தொட முடியாது. 1968இல் அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்தது: இந்த அரசமைப்பு ஒழுங்கை ஒழிக்க முனைபவரை, வேறு வழியே இல்லாதபோது, எதிர்த்து நிற்கும் உரிமை எல்லா ஜெர்மானியருக்கும் உண்டு. ஆட்சியாளரைத் தட்டிக்கேட்க பூமியில் நீதிபதி இல்லாதபோது மக்கள் வானத்தைப் பார்த்து முறையிடலாம், அதாவது எதிர்த்து நிற்கலாம் என்று லாக் விட்ட இடம், 20ஆவது பிரிவின் நான்காவது உட்பிரிவாக அச்சில் இருக்கிறது. அதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.