ஒரு சாணுக்கும் குறைவு

ஜூன் 17, 2021
ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஆக்ஸிஜன் அளவு காலையில் 91. மாலையில் 92.

ஜூன் 20
பெல்கிரேடில் நம் நீச்சல் வீரர் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் ஃப்ளை (பட்டர்ஃப்ளை நீச்சல்) 1:56.96. தேசிய சாதனை. ஒலிம்பிக் ஏ கட், அதாவது நேரடித் தகுதிக்கான நேரம், 1:56.48. இந்தியாவிலிருந்து அந்த நேரத்தைத் தொட்டு ஒருவரும் போனதில்லை, எல்லோரும் வேறு வழிகளில் போனவர்கள்தான்.

ஃபோனில் அப்பாவிடம் சொன்னேன். மாஸ்க்குக்குள்ளிருந்து, "எவ்வளவு குறையுது பாப்பா?" விநாடியில் நூறில் 48 என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒரு கை நீளம்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 80 சென்டிமீட்டர் சொச்சம் வருகிறது.

ஜூன் 22
தூக்கமே இல்லை. சஜன் நெய்வேலியில் நீந்தத் தொடங்கியவர்தானே, அதனால்தான் அப்பாவுக்கு இத்தனை அக்கறை. போன வருஷம் ஊரடங்கில் சஜன் தாய்லாந்தின் புக்கெட்டில் மாட்டிக்கொண்டு, அப்புறம் கழுத்து டிஸ்க் விலகி, துபாயில் மறுபடி முதலிலிருந்து. எனக்குத் தோள் மட்டும்தான் போனது, அதற்கே விட்டுவிட்டேன். இதை அப்பா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, சொல்லியிருக்கலாம். ஃப்ளையில் கடைசி 50-இல் கை தண்ணீரைவிட்டு மேலே வராது, சிமெண்ட் மூட்டை மாதிரி இருக்கும். அப்போது கரையோரமாக அவர் செருப்புச் சத்தம் கூடவே ஓடி வரும். அதைக் கேட்டுத்தான் சுவரைத் தொடுவேன். இப்போது அவர் பக்கத்தில் யார் ஓடுகிறார்கள்?

ஜூன் 23
88. எழுதவே கை வரவில்லை.

ஜூன் 26
ரோம். 1:56.38!!!

பத்தில் ஒரு விநாடி. இந்த வேகத்தில் 17 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. கடைசி ஸ்ட்ரோக்கில் அரை ஸ்ட்ரோக் கூடுதலாகப் போட்டுத் தொட்டிருந்தால் போச்சு. அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டார், அப்பாவைப் பற்றி ஏதோ என்று நினைத்து. கத்தியிருக்கக் கூடாது.

அப்பா தூங்குகிறாராம். நாளைக்குச் சொல்லலாம் என்றார் நர்ஸ் அக்கா.

ஜூன் 27
அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பக்கத்து பெட்காரர் ஃபோனில் பார்த்துவிட்டாராம். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இன்னொரு நீச்சல் வீரர் ஸ்ரீஹரி நடராஜும் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் (மல்லாந்து நீந்துவது) 53.77. கட் 53.85. ஆனால் அது டைம் ட்ரையல், போட்டியில் அல்ல, நேரம் பார்க்க மட்டும் நீந்தியது; உலக நீச்சல் சம்மேளனமான ஃபினா ஒப்புக்கொள்ள வேண்டும். தகுதிக்கு இன்றுதான் கடைசி நாள். எல்லோரும் யாரோ ஒருவர் சரி என்று சொல்லக் காத்திருக்கிறோம்.

95.

ஜூலை 9
வீடு. வாசற்படி இரண்டு ஏறுவதற்குள் மூன்று முறை நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தோளையேதான்.

ஜூலை 26
டோக்கியோ ஒலிம்பிக், முதல் சுற்று ஹீட்ஸ். சஜன் 1:57.22, 24-ஆவது இடம். அரையிறுதிக்கு 16 பேர்தான். டிவி முன்னால் அப்பா வெறும் கட்டைவிரலை அழுத்தினார், ஸ்டாப்வாட்ச் கையில் இருப்பது மாதிரி. "ரோமில் அடிச்சதை இங்கே அடிச்சிருந்தா?" என்றேன். பதில் இல்லை. விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினேன், 97.

ஜூலை 28
வாட்ச்மேன் அண்ணா சொன்னார், பூல் தண்ணீர் பச்சையாகக் கிடக்கிறதாம், தவளை இருக்கிறதாம். அப்பா ஸ்டாப்வாட்ச்சைத் திறந்துவைத்துக்கொண்டு பொத்தான் பேட்டரி வாங்கி வரச் சொல்கிறார். கடை ஐந்து மணிக்கு மூடிவிடும்.