ஈர்க்கில் ஒரு கீறல்

நவம்பர் 4

இரண்டு நாளாக இவருக்கு இருமல். வறட்டு இருமலாகத் தொடங்கி நேற்று ராத்திரி சளி கட்டிவிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்து இருமினால் எனக்கும் தூக்கம் போச்சு. விடிந்ததும் வேலியோரம் போய் ஆடாதோடை இலை ஐந்து பறித்து வந்தேன்.

பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: மாவிலை போல நீளமாக இருக்கும், ஆனால் மாவிலையின் விறைப்பு இருக்காது. கசக்கி மோந்தால் மணம் என்று சொல்ல வராது, வாடை என்றுதான் சொல்ல வரும். ஆடு தொடாத இலை என்பதுதான் ஆடாதோடை ஆனது என்பார்கள். கண்டதையெல்லாம் மேயும் ஆடே ஒதுங்கிப் போகிறதென்றால் கசப்பு எப்படியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடு நரம்பை உருவிவிட்டு இலையைக் கிள்ளிப் போட்டேன். மிளகு ஐந்து, திப்பிலி இரண்டு, ஒன்றிரண்டாகத் தட்டியது. வழக்கமாக அதிமதுரமும் ஒரு துண்டு சேரும். இவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். அதனால் விட்டுவிட்டேன்.

நாலு டம்ளர் தண்ணீரை ஊற்றி மண்சட்டியை அடுப்பில் ஏற்றினேன். அத்தை வந்து பக்கத்தில் நின்றார்.

"நாலுக்கு ஒண்ணா வத்திடுச்சுன்னு எப்படிம்மா கண்டுபிடிப்பே?"

"கண்ணால பார்த்துத்தான் அத்தை. கால்வாசிக்கு வந்ததும் இறக்கிடுவேன்."

"சட்டிக்கு வயிறு இருக்கே, அதைக் கணக்குல சேர்த்தியா?"

இருபத்தைந்து வருஷமாகக் கஷாயம் வைக்கிறேன், இது எனக்குத் தோன்றியதே இல்லை. நேர்ப்பக்கம் உள்ள பாத்திரத்தில் உயரத்தில் கால்வாசி என்றால் தண்ணீரும் கால்வாசி. மண்சட்டி அடியில் குறுகி நடுவில் உப்பியிருக்கிறது. அதில் உயரம் கால்வாசிக்கு இறங்கும்போது தண்ணீர் கால்வாசிக்கும் கீழே போயிருக்கும். ஆக, நான் இத்தனை நாள் 'பதம்' என்று இறக்கியதெல்லாம் அளவுக்கு மீறிச் சுண்டியதுதான்.

அத்தை துடைப்பத்திலிருந்து ஒரு புது ஈர்க்கை உருவிக் கழுவினார். அடுப்பை அணைக்கச் சொல்லி, சட்டியிலிருந்ததை வேறு பாத்திரத்தில் கொட்டி, அதிலிருந்து ஒரே ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் சட்டியில் திரும்ப ஊற்றினார். ஈர்க்கை அடி தொட நிறுத்தி, நனைந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல். "இப்ப மிச்சத்தையும் ஊத்திக் கொதிக்க வை. தண்ணி இந்தக் கோட்டுக்கு வந்ததும் இறக்கு." அவ்வளவுதான் விஷயம்.

தீயைப் பற்றியும் பேச்சு வந்தது. சித்த மருத்துவத்தில் தீயிலேயே வகை உண்டு: விளக்குச் சுடர் அளவு எரிவது தீபாக்கினி, தாமரைப் பூ அளவு எரிவது கமலாக்கினி, காடு பற்றினாற்போல் எரிவது காடாக்கினி. கஷாயத்துக்கு மெல்லிய தீயே போதும். நான் வேலை முடிய வேண்டுமே என்று காடாக்கினியில் வைக்கிற ஆள்.

நவம்பர் 5

இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். தேன் ஒரு ஸ்பூன், கஷாயம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் விட்டேன். (ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்த மருந்திலும் தேன் கலக்கக் கூடாது. அதிலிருக்கும் கிருமி வித்துகளைச் சமாளிக்க அந்தக் குடலுக்குத் தெம்பு இருக்காது.)

பழைய இருமல் சிரப் பாட்டில் ஒன்று அலமாரியில் கிடந்தது. எறிவதற்கு முன் லேபிளைப் படித்தேன்: அம்பிராக்ஸால். ஆடாதோடை இலையில் வாசிசின் என்று ஒரு சரக்கு இருக்கிறது. அதை முன்மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான் புரோம்ஹெக்சின், அதன் வழி வந்ததுதான் அம்பிராக்ஸால். இரண்டும் சளியை இளக்கி வெளியே தள்ள உதவுபவை. இவரிடம் சொன்னேன். "அப்ப இனிப்பா இருக்கிற அதையே குடுத்திருக்கலாமே" என்றார்.

நவம்பர் 6

இன்று ஒரு சொதப்பல். துளசியும் கற்பூரவல்லியும் இரண்டு கைப்பிடி பறித்து, நேற்றைய பழக்கத்தில் நாலு டம்ளரில் போட்டு ஈர்க்குக் கோடு வரைக்கும் பொறுமையாகக் கொதிக்கவிட்டேன். முக்கால் மணி நேரம் வீடு முழுக்க மணந்தது. குடித்துப் பார்த்தால் வெறும் பச்சைத் தண்ணீர், துளசி எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

தப்பு எனக்கே புரிந்தது. துளசியில் காரியம் செய்வது யூஜினால் போன்ற மண எண்ணெய்கள். கற்பூரவல்லியில் கார்வக்ரால், தைமால். இவையெல்லாம் ஆவியோடு ஆவியாகப் போய்விடும். வீடு மணந்தபோதே மருந்து சமையலறை ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஆடாதோடை, திப்பிலி, வேர், பட்டை, இவை காய்ந்து சுண்டத் தாங்கும். மணமுள்ள இலைக்கு நாலுக்கு ஒன்று கணக்கே கிடையாது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலையைக் கசக்கிப் போட்டு, தட்டு போட்டு மூடிப் பத்து நிமிஷம் விட்டால் போதும். மூடியைத் திறக்கும்போது அதன் உட்பக்கம் நிற்கும் முத்து முத்தான நீரையும் டம்ளரிலேயே தட்டிவிட வேண்டும், வாசனையில் பாதி அங்கேதான் ஒட்டியிருக்கிறது.

கற்பூரவல்லிக்குத் தண்ணீர்கூட வேண்டாம். இலையே குண்டாக, சாறு கோத்துத்தான் இருக்கிறது. தணலில் ஒரு பக்கம் வாட்டி, துவண்டதும் உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால் நாலு இலைக்கு அரை ஸ்பூன் வரும். சாயங்காலம் அப்படித்தான் செய்தேன்.

நவம்பர் 8

இருமல் பாதியாகிவிட்டது. அத்தை கஷாயத்தால் என்கிறார், இவர் தான் தினம் கொப்பளித்த உப்புத் தண்ணீரால் என்கிறார். சாதாரணச் சளி எப்படியும் ஒரு வாரம் பத்து நாளில் தணியும். இதை நான் இருவரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 9

பக்கத்து வீட்டு அக்கா வந்து, "உங்க வேலியில ஆடாதோடை இருக்கில்ல, நாலு இலை குடும்மா, பொண்ணுக்கு ஒரே இருமல்" என்றார். பறிக்கப் போனவள் பாதியில் நின்றேன். அவர் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆடாதோடை கர்ப்பப்பையைச் சுருங்கத் தூண்டும் இலை. பழைய காலத்தில் பிரசவத்தைத் தூண்டவே இதைக் கொடுத்திருக்கிறார்கள்.

இலை இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம், செடி கண் முன்னால் ஆளுயரம் நிற்கிறது. உள்ளதைச் சொன்னேன். "நான் மூணு பெத்தவ, எனக்குத் தெரியாதா?" என்று அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம். வெந்நீர் ஆவி மட்டும் பிடிக்கச் சொல்லி, செக்கப் செய்யும் டாக்டரிடமே இருமலையும் காட்டச் சொன்னேன். போகும்போது வாசல் கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்தினார். பரவாயில்லை.

நவம்பர் 12

இப்போது என் முறை. நேற்றிலிருந்து காய்ச்சல், எலும்பெல்லாம் முறித்துப் போட்டாற்போல வலி. தோட்டத்தில் நிலவேம்பு பூத்திருக்கிறது, வெள்ளை இதழில் ஊதாத் தீற்றல். பூக்கும் பருவத்தில்தான் செடியில் சத்து கூடுதல் என்று அந்த நேரத்தில் வெட்டுவார்கள். அத்தை இரண்டு செடியைப் பிடுங்கி வந்தார்.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். இதை எல்லாரும் நிலவேம்புக் குடிநீர் என்கிறோம், அது சரியில்லை. அந்தப் பெயரில் உள்ள சித்த மருந்தில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சு, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்கு உண்டு. எங்கள் வீட்டுச் சட்டியில் கொதித்தது நிலவேம்பும் சுக்கும் மிளகும்தான். சுக்கின் தோலை அத்தை கத்தியால் சுரண்டிக்கொண்டே, "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்றார். சுக்குக்கு மேல்தோலையும் கடுக்காய்க்கு உள்ளே இருக்கும் கொட்டையையும் நீக்க வேண்டும் என்பது கணக்கு.

கசப்பை எழுதி விளக்க முடியாது. நாக்கில் பட்ட இடம் தெரியாமல் தொண்டை, காது வரைக்கும் ஏறியது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த வெறும் தண்ணீர்கூடக் கசந்தது.

பாதியைச் சாயங்காலத்துக்கு என்று மூடி வைத்திருந்தேன். எழுந்து வந்து பார்த்தால் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. "ஒரு சாமம் தாண்டிடுச்சும்மா, கொட்டிட்டேன்." சாமம் என்றால் மூன்று மணி நேரம். குடிநீருக்கும் பிழிந்த சாற்றுக்கும் அதுதான் ஆயுள். சூரணம் என்றால் மூன்று மாதம் தாங்கும். இன்னொரு முறை புதிதாக வைத்தார். அதே கசப்பு, இரண்டாம் ஆட்டம்.

நவம்பர் 13

மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை. நூற்று இரண்டு. ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். அத்தை தடுக்கவில்லை, அவரே பையை எடுத்துக் கொடுத்தார்.

டாக்டர், "வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். வழக்கமாக 'இல்லை' என்று சொல்லிவிடுவேன். இந்தத் தடவை நிலவேம்பைச் சொன்னேன், திட்டுவார் என்று எதிர்பார்த்து. திட்டவில்லை, குறித்துக்கொண்டார். சுகர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்டார், இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம் என்பதற்காக. எனக்கு சுகர் இல்லை. பரிசோதனையில் பயப்பட ஒன்றும் இல்லை. பாராசிட்டமாலும் ஓய்வும்.

நவம்பர் 20

காய்ச்சல் போய் நாலு நாள் ஆகிறது. இன்று தோட்டத்தில் உட்கார முடிந்தது. ஆடாதோடையைக் கவாத்து செய்து, பென்சில் தடிமனில் குச்சிகள் ஆறு நட்டேன். நிலவேம்புக் காய்கள் முற்றிவிட்டன. கை பட்டதும் பட்டென்று வெடித்து விதை தெறிக்கிறது, பாதி என் புடவை மடிப்பில்.

உள்ளே வந்து கஷாயச் சட்டியைத் தூக்கினால் அடியில் மயிரிழை விரிசல், தண்ணீர் கசிகிறது. பரணில் இருந்த வேறொரு சட்டியை இறக்கினேன். அது இதைவிடக் குட்டை, வயிறு பெரிது. ஆணியில் மாட்டியிருந்த ஈர்க்கை எடுத்துக்கொண்டு திரும்பினால், அத்தை கையில் புது ஈர்க்கோடும் ஒரு டம்ளர் தண்ணீரோடும் நிற்கிறார்.